தவறு என்று குறித்த சொற்கள்

கல்லூரியின் கடைசிப் பருவத்தைத் தக்கலைப் பக்கம் ஒரு மருத்துவமனையில் கழித்தேன். நான் படித்தது பேச்சுப் பயிற்சி. பகலில் நோயாளிகள், மாலை ஐந்தரைக்கு விடுதி அறையில் கைபேசி வழியே வகுப்பு. சொந்த ஊர் கரூர், கல்லூரி சென்னை. இந்த ஊர்ப் பேச்சின் இழுப்பு காதில் பிடிபடவே ஒரு வாரம் ஆனது.

எனக்கு முதலில் தந்த நோயாளி தேங்காப்பட்டணத்துப் பலசரக்குக் கடைக்காரர். பக்கவாதத்தில் பேச்சு போய், கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிக்கொண்டிருந்தது. தினமும் மனைவிதான் பஸ்ஸில் கூட்டி வருவார். கல்லூரியில் கொடுத்த பட அட்டைகளைக் காட்டிப் பெயர் கேட்பேன். பலாப்பழத்தைப் பார்த்து "சக்கை" என்பார். மரவள்ளிக்கிழங்குக்கு ஏதோ சீனி என்றார். சொற்கள் பொருளோடு ஒட்டவில்லை என்று குறித்தேன். பாடத்துக்கான நோயாளி அறிக்கையிலும் அப்படியே எழுதி அனுப்பினேன். பிறகு இரண்டு வாரம் அவரை "பலா, பலா" என்று சொல்ல வைத்தேன். அவரும் பொறுமையாகச் சொன்னார்.

வீட்டிலும் பழக்கச் சொன்னபோது அந்த அம்மா தயங்கினார்.

"வீட்டுலயும் பலான்னுதான் சொல்லணுமா மக்ளே? நாங்க சக்கைன்னுல்லா சொல்லுவோம்."

அட்டைகளை அவர் முன் பரப்பினேன். சக்கை, மரச்சீனி என்று கணவர் சொன்னதையே அவரும் சொன்னார். முன்பே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"படிச்ச பிள்ள சொல்லுத, அதுதான் வைத்தியமாக்கும்னு நெனச்சேன்."

அவர் கணவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அன்று மாலை வகுப்பில் பேராசிரியரிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. வீட்டு ஆட்களிடம் முதலில் கேட்டிருக்க வேண்டும் என்றார். அறிக்கையைத் திருத்தி எழுதலாம், ஆனால் தாமதத்துக்கு மதிப்பெண் குறையும். குறைந்தது.

மறுபடி சோதித்தபோது கடைக்காரருக்குப் பெயர்கள் பெரும்பாலும் வந்தன. இரண்டு சொல்லைச் சேர்ப்பதுதான் வரவில்லை. அட்டைகளை எடுத்து வைத்துவிட்டு, நான் வாடிக்கையாளராக உட்கார்ந்து அரிசியும் பருப்பும் கேட்கத் தொடங்கினேன். "எத்தற கிலோ?" என்று அவர் திருப்பிக் கேட்க ஒரு மாதம் பிடித்தது.

நான் கிளம்பும் வாரத்தில் அந்த அம்மா வெட்கத்தோடு சொன்னார்: "நேத்து எம்பேரச் சொல்லி விளிச்சாரு. சாயா கொண்டான்னு கேட்டாரு."