பிள்ளை பெற்றவளை யார் விசாரிப்பது?

பிள்ளை பெற்று வீடு திரும்பியவர்களைத் தேடிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிற நர்ஸ் வேலை என்னுடையது. கதவைத் திறந்ததும் எல்லா வீட்டிலும் குழந்தையைத்தான் கையில் கொடுப்பார்கள். எடை போடுவேன், தொப்புளைப் பார்ப்பேன். பெற்றவள் பின்னால் சுவரோரமாக நின்றுகொண்டிருப்பாள். பிள்ளை பெற்ற சகோதரிகளே, அந்தச் சுவரோரம் உங்களுக்கும் பழகியதுதானே?

மாடிப் போர்ஷன்

திருச்சி எடமலைப்பட்டி புதூரில் ஒரு மாடிப் போர்ஷனில் கவிதா இருந்தாள். புருஷன் வடக்கே லாரி ஓட்டப் போயிருந்தார். அம்மா தவறிவிட்டதால் பிரசவத்துக்குப் போகத் தாய்வீடும் இல்லை. நான் கிளம்பும்போதெல்லாம் காபி போடுகிறேன் என்பாள். குடித்து முடித்தால், குழந்தை வயிற்றில் ஏதோ சத்தம் கேட்கிறது, பாருங்கள் என்பாள். வயிற்றில் ஒன்றும் இருக்காது.

ஒருநாள் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று பையை எடுத்தேன். பையின் இன்னொரு காதைப் பிடித்துக்கொண்டாள். "சிஸ்டர், நீங்க ஒண்ணும் பாக்க வேணாம், பேசவும் வேணாம். எங்கம்மா மாதிரி கொஞ்ச நேரம் இங்க சும்மா உக்காந்திருங்க."

பாக்கியம்

ஸ்ரீரங்கத்தில் வைதேகிக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் கழித்துப் பிறந்த பிள்ளை. மாமியார் தாங்கு தாங்கென்று தாங்கினார். வருகிறவர்களெல்லாம் "பெருமாள் அனுக்ரஹம்" என்று சொல்ல, இவள் தலையாட்டிக்கொண்டே இருந்தாள். கொல்லையில் துணி உலர்த்தப் போன இடத்தில், ஈரப் புடவையைப் பிழிந்தபடியே அழுதாள். பிரசவத்துக்குப் பின் வருகிற மனச்சோர்வு இது, குறையில்லாத வீட்டிலும் வரும், டாக்டரைப் பார்த்தால் சரியாகும் என்று எடுத்துச் சொன்னேன். சம்மதித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "பாக்கியம் பாக்கியம்னு எல்லாரும் சொல்றா. இவன் பொறக்கறதுக்கு முன்னாடி இவனுக்காக ஏங்கினேனே, அந்த ஏக்கமாவது திரும்பி வந்தாத் தேவலை."

கேட்கக் கூசுகிற கேள்வி

மணப்பாறைப் பக்கம் ஒரு கிராமத்தில் செல்வி. மூன்றாவதும் பெண். புருஷன் முருகேசன் திருச்சி காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவன், எப்போதாவதுதான் வீட்டுக்கு வருவான். மாமியார் குழந்தையின் முகத்தையே பார்க்கவில்லை. போன பிரசவத்திலும் செல்வி பித்துப் பிடித்தவள் போல இருந்தாள் என்று அவளுடைய அண்ணி சொல்லியிருந்தாள். நான் போனபோது குழந்தை தூளியில் வீறிட்டுக் கத்தியது. மார்புச் சேலை பாலில் நனைந்திருக்க, செல்வி எட்ட உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் வேலையில் கேட்கக் கூசுகிற கேள்வி ஒன்று உண்டு. கேட்டால், இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோமோ என்று பயம். அப்படியெல்லாம் கிளம்பாது. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். "புள்ளையை ஏதாவது பண்ணிடலாம்னு தோணுதாம்மா?" தரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள். "பண்ணிடு பண்ணிடுன்னு காதுல யாரோ சொல்லிக்கிட்டே இருக்காங்கக்கா. அதான் தொடாம தள்ளி உக்காந்திருக்கேன்."

செல்போனில் ஒரு கன்னம்

செல்வி இப்போது மூன்று பெண்களோடும் நன்றாக இருக்கிறாள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்று அண்ணியைக் கூப்பிட்டுக் குழந்தையைக் கொடுத்துவிட்டு, அவளை விட்டு நகராமல் ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன். மந்திரித்தால் போதும் என்று மாமியார் வழிமறித்தார். முருகேசனைப் போனில் பிடித்தேன். "அம்மா, வழிய விடு" என்று அவன் கத்திய பிறகுதான் விலகினார்.

திருச்சியில் மனநல வார்டில் சேர்த்தோம். "பிரசவத்துக்கப்புறம் வர்ற வியாதி இது. குணமாயிடும்" என்றார் டாக்டர். முருகேசன் லோடு இறக்கிய வேர்வையோடு தினமும் வந்து, செல்போனில் குழந்தையின் போட்டோவைக் காட்டுவான். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். மருந்து வேலை செய்ய ஆரம்பித்த பிறகு ஒருநாள், நானும் பக்கத்தில் இருந்தேன், அவளே போனை வாங்கிக் குழந்தையின் கன்னத்தை விரலால் தடவினாள். படம் நகர்ந்துவிட்டது. பதறிப்போய் அவனிடம் நீட்டினாள். "ஏங்க, எங்க போச்சு எம்புள்ள? கூட்டிட்டு வாங்க, என் மடியில போடுங்க."

பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் சொல்ல ஊரே திரண்டு வருகிறது, "நீ எப்படிம்மா இருக்கே?" என்று கேட்பதற்கு மட்டும் அரசாங்கம் சம்பளம் கொடுத்து ஓர் ஆளை அனுப்ப வேண்டியிருக்கிறது.