பச்சை மூடி போட்ட ட்யூப்

இரண்டு வருடங்களுக்கு முன், மாங்காய் சீசன் சூடுபிடித்திருந்த நேரம். நாங்கள் பங்காருபாளையத்தில் சின்னதாக ஒரு மாங்காய் மண்டி நடத்துகிறோம். என் கணவருக்கு மனநிலை ஏறி இறங்கும் நோய் உண்டு. ஏறினால் தூக்கமே கிடையாது, பேச்சு நிற்காது. இறங்கினால் படுக்கையை விட்டு எழமாட்டார். பல வருடங்களாக லித்தியம் மாத்திரைதான் அவரை நடுவில் நிறுத்தி வைத்திருக்கிறது. ஆனால் அது பொல்லாத மாத்திரை. ரத்தத்தில் அளவு கூடினால் விஷமாகிவிடும். அதனால் அவ்வப்போது சித்தூருக்குப் போய் அளவு பார்த்துவிட்டு வருவோம்.

அந்த முறை வழக்கமான லேப் பூட்டியிருந்தது. பக்கத்துத் தெருவில் புதிதாகத் திறந்திருந்த லேபில் ரத்தம் கொடுத்துவிட்டு மண்டிக்குத் திரும்பினோம். மத்தியானம் போன் வந்தது. "லெவல் ரொம்ப ஜாஸ்தியா கீதுங்க. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போங்க" என்றாள் லேப் பெண்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முந்தின நாள்தான் அவருக்கு வயிற்றுப்போக்கு. உடம்பில் தண்ணீர் வற்றினால் லித்தியம் ஏறும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். கார் பிடித்துத் திருப்பதிக்குக் கிளம்பினோம். வழியெல்லாம் அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். எப்போதும் லேசாக நடுங்குகிற விரல்கள்தான், அன்று என் கண்ணுக்கு உதறுவது போலத் தெரிந்தது. கொட்டாவி விட்டால்கூட மயக்கமோ என்று பிடித்து உலுக்கினேன்.

"எனக்கு ஒண்ணும் இல்லமே. எதுக்கு இப்டி பதறிக்கினு கீற? வண்டிய நிறுத்தச் சொல்லு, ரெண்டு இட்லி துன்னுட்டுப் போலாம்" என்றார்.

அந்த 'ஒண்ணும் இல்ல' தான் என்னை இன்னும் பயமுறுத்தியது. நோய் உச்சத்தில் இருந்தபோது, மண்டியிலிருந்த மாங்காயையெல்லாம் போகிறவர் வருகிறவர்களுக்கு அள்ளிக் கொடுத்தாரே, அன்றும் இதையேதான் சொன்னார். "பேசாம உக்காருங்க" என்று அதட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன். சிறுநீரகம் போய்விடுமோ, டயாலிசிஸ் என்பார்களோ, பிள்ளைகளிடம் என்ன சொல்வேன்?

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவரிடம் கேட்டதற்கெல்லாம் நான் முந்திக்கொண்டு பதில் சொன்னேன். அந்த அம்மா என்னைக் கையமர்த்திவிட்டு, அவரைக் கைகளை நீட்டச் சொன்னார், நேராக நடக்கச் சொன்னார். ரிப்போர்ட்டை மறுபடி பார்த்தார்.

"இவ்வளவு லெவல் இருந்தா இவர் இப்படி நடக்க மாட்டாரே. ரத்தம் எடுத்த ட்யூபுக்கு மூடி என்ன கலர்?"

எனக்குச் சுத்தமாக ஞாபகமில்லை. பக்கத்தில்தான் நின்றிருந்தேன், ஊசியைப் பார்க்கப் பயந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பச்ச, மேடம்" என்றார் இவர் சட்டென்று. "மாங்கா கலருல கீதேன்னு அந்தப் பொண்ணாண்ட நான்தான் சொன்னேன்."

டாக்டரம்மா விளக்கினார். பச்சை மூடி ட்யூப் பலவற்றில் ரத்தம் உறையாமலிருக்கத் தடவியிருப்பதே ஒரு லித்தியம் உப்புதானாம். மற்ற பரிசோதனைகளுக்கு அதனால் பாதகமில்லை, இதற்கு மட்டும் ஆகாது. அளக்கிற மெஷினில் ஒரு மின்முனை இருக்கிறது. ரத்தத்தில் லித்தியம் எவ்வளவோ அதற்கேற்ற மின்னழுத்தத்தை அது காட்டும். மாத்திரையிலிருந்து வந்ததா, ட்யூபிலிருந்து வந்ததா என்று அதற்குத் தெரியாது.

"ஆனா நிச்சயமா இப்போ சொல்ல மாட்டேன். வேற ட்யூப்ல எடுத்துப் பார்ப்போம்" என்றார். சிவப்பு மூடி ட்யூபில் எடுத்தார்கள். ரிசல்ட் வரும்வரை வராந்தாவில் உட்கார்ந்திருந்தோமே, அந்த மாதிரி நேரம் என் பகைவருக்கும் வேண்டாம். வேண்டாத தெய்வமில்லை.

கடைசியில் டாக்டரம்மாவே வெளியே வந்து, "பயப்படாதம்மா, லெவல் கரெக்டா இருக்கு" என்றார். நான் குலுங்கிக் குலுங்கி அழுதேன். இவர் எதையும் சொல்லிக் காட்டவில்லை, என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

அன்றிலிருந்து எந்த டாக்டர் முன்னாலும் அவருக்குப் பதிலாக நான் வாய் திறப்பதில்லை. அவர் யோசித்து, தானே சொல்லி முடிக்கும்வரை பயத்தை அடக்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.