பூட்டிய வீட்டில் விழித்திருந்த கம்ப்யூட்டர்

கொழும்பு என்ற பெயரைக் கேட்டாலே எல்லோரும் பயந்த யுத்த காலம், இரண்டாயிரத்துக்குப் பிந்திய வருடங்கள். இலங்கை மலையகத்தில், நோர்வூட் பஜாருக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டில் நானும் என் அத்தையும், அதாவது கணவரின் அம்மாவும், இருந்தோம். நான் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்தேன். கணவருக்குக் கொழும்பில் கம்ப்யூட்டர் திருத்தும் கடையில் வேலை. மாதத்துக்கு ஒரு தடவை வருவார்.

அப்படி வந்தபோது ஒருமுறை பழைய கம்ப்யூட்டர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். பின்னறையில் வைத்து, முன்னறை டெலிபோனிலிருந்து ஒரு வயரையும் இழுத்து அதில் மாட்டிவிட்டு, "வேல முடிஞ்சதும் கம்ப்யூட்டர நிப்பாட்டு. ஆனா செவத்துல இருக்க சுவிட்ச மட்டும் அணைக்காத" என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. அவருக்கு பஸ்சுக்கு நேரமாகிவிட்டது.

அவர் போன பிறகுதான் கூத்து ஆரம்பமானது. நிறுத்திவிட்டுப் போன கம்ப்யூட்டர், திரும்பி வந்து பார்த்தால் வேலை செய்துகொண்டிருக்கும். நான்தான் சரியாக நிறுத்தவில்லையோ என்று மறுநாள் அது முழுதாக அடங்கும்வரை பக்கத்திலேயே நின்றேன். பின்னேரம் பார்த்தால் மறுபடி விழித்திருக்கிறது. எலி ஏதும் மிதிக்கிறதா என்று மேசைக்கு அடியில் குனிந்து தேடினேன். மழைக்குக் கரண்ட் கூடிக் குறைவதால் இருக்கும் என்றார் மேல் வீட்டு அக்கா. மழையே இல்லாத நாளிலும் அது நடந்தது. அத்தை பேய்தான் என்று தேசிக்காயை, எலுமிச்சையைத்தான், வெட்டி அறையின் மூலைகளில் வைத்துவிட்டார். விஞ்ஞானம் படிப்பிக்கிறவள் தடுத்திருக்க வேண்டாமா? எனக்கே விளங்காததை அவருக்கு எப்படி விளக்குவது? கணவரிடமும் வாய் திறக்கவில்லை. கொண்டுவந்து தந்தவுடனே கெடுத்துவிட்டாயா என்பார். அந்தப் பேச்சை வாங்கிக் கட்டிக்கொள்ள எனக்கு மனமில்லை.

பாடசாலை விடுமுறையில் ஒரு நாள் பகல், சோறு ஆக்கிக்கொண்டிருந்தபோது ரேடியோவில் அந்தச் செய்தி வந்தது. கொழும்பில் குண்டு வெடித்திருக்கிறது. அவர்கள் சொன்ன இடம் என் கணவர் தினமும் நடந்து போகும் வழி. அவருடைய கைபேசிக்கு அடித்தேன், லைன் கிடைக்கவில்லை. கடைக்கு அடித்தேன், அதுவும் கிடைக்கவில்லை. அவசரத்தில் நம்பரைத் தப்பாக அழுத்துகிறேனோ என்று திரும்பத் திரும்ப அழுத்தினேன். எங்கள் வீட்டில் டிவி இல்லை. அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு மேல் வீட்டுக்கு ஓடினார். முழங்கால் வலியோடு அந்த வழுக்குப் படிகளில் அவரைத் தனியே விட முடியாமல், கதவைப் பூட்டிக்கொண்டு நானும் பின்னால் போனேன்.

டிவியில் புகையும் ஓடுகிற ஜனங்களும்தான் தெரிந்தன. கண்ணில் பட்ட முகத்தில் எல்லாம் அவரைத் தேடினோம். மேலும் பார்க்கச் சகிக்காமல் அத்தையைக் கூட்டிக்கொண்டு வந்து பூட்டைத் திறந்தால், பின்னறையில் நீல வெளிச்சம். அன்று நான் அந்தக் கம்ப்யூட்டரைத் தொடவே இல்லை.

அத்தை வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "அவன் வந்துட்டுப் போயிட்டான் புள்ள. தன் சாமானக் கடைசியாப் பாத்துட்டுப் போயிட்டான்" என்றார். அவர் சொல்வது எனக்கு உடனே விளங்கவில்லை. ஆவி வந்துபோனதாகச் சொல்கிறார் என்று விளங்கியதும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். படித்த படிப்பெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை, அந்த நேரத்தில் நானும் அதை நம்பினேன். பிறகு எங்கிருந்தோ ஒரு கோபம் வந்தது. விறுவிறுவென்று போய் அந்தச் சனியனை நிறுத்தினேன்.

அது அடங்கிக் கொஞ்ச நேரம் இருக்கும். முன்னறையில் டெலிபோன் அடித்தது. அடித்த கையோடு, என் கண் முன்னாலேயே கம்ப்யூட்டர் விழித்தது. எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நடுவில் நின்றுவிட்டேன். அத்தைதான் "எடு புள்ள, எடு" என்று கத்தினார்.

பேசியது என் கணவர். "எங்க போனீங்க ரெண்டு பேரும்? முதல்லயே அடிச்சேன், யாரும் எடுக்கல. எனக்கு ஒண்ணும் இல்ல, நல்லா இருக்கேன்" என்றார். கைபேசி வேலை செய்யாததால் காசு கொடுத்துப் போன் பேசும் ஒரு கம்யூனிகேஷன் கடையில் வரிசையில் நின்று பேசுகிறாராம். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "ஒங்க கம்ப்யூட்டருக்கு என்ன பேய் புடிச்சிருக்கு?" என்று அழுதுகொண்டே ஏசினேன். போன் மணி அடித்தால் அது தானாக விழிக்கும்படி தான்தான் செய்துவைத்ததாகச் சொன்னார். கொழும்பில் இருந்தபடியே ஒரு போன் கோல் அடித்து அதை எழுப்பி, கோளாறு ஏதும் இருந்தால் அங்கிருந்தே சரிசெய்யலாமாம். சரிவருகிறதா என்று பார்த்துவிட்டு எங்களிடம் சொல்ல நினைத்தாராம்.

ராங் நம்பர் வந்தாலும் அது விழித்திருக்கிறது. முன்னறையில் போன் பேசிவிட்டுப் பின்னறைக்குப் போன எங்களுக்குத்தான் அந்த இரண்டையும் முடிச்சுப்போடத் தெரியவில்லை. அடுத்த முறை வந்தபோது அவர் அந்த ஏற்பாட்டை எடுத்துவிடப் பார்த்தார். "நீ கூப்புட்டா அதுவும் முழிக்கட்டும்" என்று அத்தை விடவில்லை.

காரணம் தெரியாத எதைக் கண்டாலும் என் மனம் இன்றும் கெட்டதைத்தான் முதலில் நினைக்கிறது. ஆனால் அன்று சாவின் அடையாளம் என்று நாங்கள் அழுத அந்த வெளிச்சம், அவர் உயிரோடு இருந்து எங்களைக் கூப்பிட்டதால் வந்த வெளிச்சம் என்பதை நினைத்து, கொஞ்சம் பொறு என்று மனதுக்குச் சொல்லிக்கொள்கிறேன்.