தன் கார்மேலேயே கேஸ் கொடுத்தவள்

ரோஸ்லினைப் பற்றிப் பேச எனக்கு என்ன யோக்கியதை என்று எங்கள் தெருவில் யாராவது கேட்கலாம். கேட்கட்டும். அவள் காரை இரவல் வாங்கிப்போய் ஓர் ஆள்மேல் மோதியவள் நான். என்னைவிட அவளைத் தெரிந்தவர் யார் இருக்கிறார்கள்?

பாகூர் பக்கம் எங்கள் ஊர். ரோஸ்லினின் அம்மா காலமெல்லாம் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர். இவள் பன்னிரண்டாவது முடித்த கையோடு ஒரு மாத்திரைக் கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போனாள். பதினோரு வருடம் நின்றுகொண்டே வேலை பார்த்துச் சேர்த்ததில் பழைய சிவப்புக் கார் ஒன்றை வாங்கினாள். எங்கள் தெருவில் அதுதான் முதல் கார். அவள் ஓட்டப் பழகியபோது கேலி பேசிய ஆண்பிள்ளைகள் எல்லாம், பிறகு பிரசவத்துக்கும் பெண் பார்க்கவும் அவள் வாசலில்தான் வந்து நின்றார்கள். யாருக்கும் இல்லை என்று சொல்ல மாட்டாள். வாடகையும் வாங்க மாட்டாள். ஒரே ஒரு கறார்தான்: சாவி வேண்டுமென்றால் லைசென்ஸைக் காட்ட வேண்டும். தேதி வரைக்கும் படித்துப் பார்த்து, போனில் படம் எடுத்துக்கொண்டுதான் சாவியைத் தருவாள்.

நானும் அவளும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. இரண்டு வருடத்துக்கு முன்பு, சித்தி மகள் வளைகாப்புக்குப் போகக் காரைக் கேட்டேன். என்னிடமும் கையை நீட்டினாள்.

"என்னாண்டயே கேக்கறியாடி? நீ ஓட்டக் கத்துக்கினப்ப பக்கத்துல உயிரக் கையில புடிச்சிகினு குந்தினு வந்தவ நானு!"

"நீ சுகன்யான்னு எனக்குத் தெரியும். இன்சூரன்ஸ்காரனுக்கு இன்னா தெரியும்? காட்டு."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். மூஞ்சியில் வீசாத குறையாகக் கொடுத்தேன்.

திரும்பி வரும்போது, இரண்டு பக்கமும் கரும்பு நிற்கிற அந்த ரோட்டில், சைக்கிளில் புல்லுக்கட்டை வைத்துத் தள்ளிக்கொண்டு போன ராமு அண்ணன்மேல் மோதினேன். பக்கத்து ஊர்க்காரர், கரும்பு வெட்டுக்குப் போகிறவர். வலது தொடை எலும்பு முறிந்துவிட்டது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கூடியவர்களிடம் வாயில் வந்ததைச் சொன்னேன்.

"குறுக்க வந்துட்டாருங்க. திடீர்னு குறுக்க வந்துட்டாரு."

பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தார்கள். விசாரிக்க வந்த போலீசிடம், நாங்களே பேசி முடித்துக்கொள்கிறோம் என்று சொல்லி அனுப்பியாயிற்று. எங்கள் பக்கத்தில் எல்லாரும் செய்வது அதுதான். பேசி முடிப்பதற்கென்றே தங்கவேல் என்று ஒருவர் இருக்கிறார். மூன்றாம் நாள் ராமு அண்ணன் கட்டிலுக்குப் பக்கத்தில் பேச்சு நடந்தது.

"ஸ்டேஷன், கோர்ட்டுன்னு போனா ரெண்டு பக்கமும் நாயா அலையணும். முப்பதாயிரம் குடுத்து ஒரு கையெழுத்து வாங்கிகினா முடிஞ்சி பூடும்" என்றார் தங்கவேல்.

ராமுவின் மனைவி அம்சவள்ளி தலையை ஆட்டினாள். அப்பாடா என்றிருந்தது எனக்கு. கேஸ் என்றால் ஜெயில் என்று நினைத்து மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை.

அப்போது ரோஸ்லின் வாயைத் திறந்தாள். "அண்ணன் எப்ப வேலைக்குப் போலாம்னு டாக்டர் சொன்னாருக்கா?"

"நடக்கவே ஆறு மாசம் ஆவுமாம். வெட்டுக்கு இனிமே போவ முடியாதுன்னுட்டாரு."

"அப்ப முப்பதாயிரம் எத்தினி நாளைக்கு வரும்?"

அம்சவள்ளி திரும்பிப் புருஷனின் கட்டுப் போட்ட காலைப் பார்த்தாள். ரோஸ்லின் விடவில்லை.

"வருஷா வருஷம் நான் இன்சூரன்ஸ் கட்டறது இன்னாத்துக்கு? என் வண்டி யார இடிச்சாலும் அவங்களுக்குக் குடுக்கத்தான். கேஸ் இல்லன்னா அதுல ஒரு பைசா வராதுக்கா. கையெழுத்துப் போடாத."

அன்று மதியமே ஆர்.சி. புத்தகம், இன்சூரன்ஸ் பேப்பர், போனிலிருந்த என் லைசென்ஸ் படம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய், தன் கார்மேல் தானே புகார் எழுதிக் கொடுத்தாள். ஓட்டியது யார் என்ற இடத்தில் என் பெயர். தங்கவேல் தலையில் அடித்துக்கொண்டார். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்கிறாள் என்று ஊரே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. நடுத்தெருவில் நின்று, "நீயெல்லாம் ஒரு சிநேகிதியாடி! உன் வூட்டு வாசல மிதிச்சா என்னைச் செருப்பால அடி" என்று கத்திவிட்டு வந்தேன்.

ஸ்டேஷனிலேயே ஜாமீன் கொடுத்து என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் பயந்த ஜெயில் அவ்வளவுதான். ஆனாலும் ஒரு வருடத்துக்கு மேல் அவளோடு நான் பேசவில்லை. அவள் இன்சூரன்ஸ் அடிபட்டவருக்குத்தான் பணம் தரும், அவள் காருக்குத் தராது. அதனால் காரைச் சரிபண்ண முடியாமல் ஐந்து மாதம் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போனாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

ராமு அண்ணன் போட்ட நஷ்டஈட்டு வழக்கு புதுச்சேரி கோர்ட்டில் நடந்தது. ஓட்டியவருக்கு லைசென்ஸ் உண்டா, கார் வாடகைக்குப் போனதா என்று இன்சூரன்ஸ் கம்பெனி குடைந்தது. ரோஸ்லின் எடுத்து வைத்திருந்த லைசென்ஸ் படத்தில் அன்றைய தேதி இருந்தது; வாடகை என்று அவள் யாரிடமும் வாங்கியதும் இல்லை. அங்கே அவர்களால் அசைக்க முடியவில்லை. மிச்சமிருந்தது நான்தான். கம்பெனி வக்கீல் என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டிருந்தார்.

"அன்னைக்குச் சொன்னதையே சொல்லுங்கம்மா. அவர் குறுக்க வந்தாருன்னு. உங்க கேசுக்கும் அதுதான் நல்லது" என்றார்.

நான் அப்படிச் சொன்னால் ராமு அண்ணனுக்கு வரவேண்டியதில் பெரும்பங்கு வெட்டுப்படும். வராந்தா பெஞ்சில் அவர் ஊன்றுகோலோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ரோஸ்லின். இப்போது வந்து உபதேசம் செய்வாள், நன்றாக நாலு கேட்கலாம் என்று காத்திருந்தேன். எழுந்து வந்தாள்.

"சாப்டியாடி?" என்றாள்.

அவ்வளவுதான் கேட்டாள். கையில் இரண்டு இட்லிப் பொட்டலம். ஒன்றை என் மடியில் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

கூண்டில் ஏறியதும் சொல்லிவிட்டேன். "குறுக்க வரல சார். ஓரமாத்தான் தள்ளிகினு போனாரு. போன் வந்திச்சி, நான்தான் குனிஞ்சி பாத்தேன்."

வக்கீல் முகம் செத்துவிட்டது. எனக்கோ ஒரு வருடமாக நெஞ்சில் இருந்த கல் இறங்கினமாதிரி இருந்தது. என்மேல் இருந்த கேசிலும் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினேன். ராமு அண்ணனுக்கு ஏழு லட்சத்துச் சொச்சம் கொடுக்கும்படி கம்பெனிக்குத் தீர்ப்பாயிற்று. அதில் அம்சவள்ளி மூன்று கறவை மாடு வாங்கினாள். இப்போது அவர்கள் வீட்டுப் பால்தான் எங்கள் தெருவுக்கு வருகிறது.

போன மாதம் ராமு அண்ணனுக்குக் காலில் வைத்த பிளேட்டை எடுக்க நாள் குறித்தார்கள். பஸ் படி ஏற அவரால் முடியாது. ரோஸ்லினுக்கு அன்று லீவு கிடைக்கவில்லை. "சுகன்யாவ ஓட்டினு வரச் சொல்லு" என்று அவரே சொன்னாராம். அந்த விபத்துக்குப் பிறகு நான் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. பத்து நாள் ரோஸ்லின் பக்கத்தில் உட்கார்ந்து மறுபடி ஓட்ட வைத்தாள்.

அன்று காலை வாசலில் சாவியோடு நின்றவள் கையை நீட்டினாள். "லைசென்ஸ்."

"அடிப்பாவி, கோர்ட்டுக் கட்டுலயே மூணு காப்பி கெடக்குதுடி!"

"காட்டு."

காட்டினேன். தேதியைப் படித்துப் படம் எடுத்துக்கொண்டு சாவியைத் தந்தாள்.

ராமு அண்ணன் முன்சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து, காலை நீட்டி, பெல்ட்டைப் போட்டுக்கொண்டார். அம்சவள்ளி பின்னால் ஏறினாள். சாவியைத் திருகப் போனேன். அவர் மெல்லக் கையை நீட்டி, ஸ்டியரிங்குக்கு முன்னால் நான் வைத்திருந்த போனை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"ஆஸ்பத்திரி வந்ததும் தரேன். நீ ரோட்டப் பாத்து ஓட்டும்மா" என்றார்.