வெள்ளிக்கிழமைக் கார்ப்பரேட்டர்

குவைத்துக்குப் போகும்போது என் வீட்டுக்காரர் என்னிடம் இரண்டு பொறுப்புகளை விட்டுவிட்டுப் போனார். ஒன்று மகள், இன்னொன்று பைக். மகள் வளர்ந்து, கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கப் போய்விட்டாள். பைக்கும் நானும் மட்டும் காளவாசல் வீட்டில் மிச்சம்.

கல்யாணத்துக்கு முன்னாலேயே அவர் வாங்கிய வண்டி அது. எனக்கு ஓட்டத் தெரியாது. பள்ளிக்கூடத்துக்கு நான் போவது ஸ்கூட்டரில். ஆனால் வாரம் ஒரு தடவை பைக்கை ஸ்டார்ட் பண்ணி ஐந்து நிமிடம் ஓடவிட வேண்டும் என்பது அங்கிருந்து வந்த உத்தரவு. ஊரில் இருந்தபோது, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் அதன் பின்சீட்டில்தான் என்னை உட்கார வைத்து அலங்காநல்லூர் ரோட்டில் ஒரு சுற்றுக் கூட்டிப்போவார். போய்ச் செய்வது ஒன்றுமில்லை. வாழைத்தோப்பு ஓரமாக நிறுத்தி, ஒரு இளநீர் குடித்துவிட்டுத் திரும்புவோம். அவர் தோளில் கை வைத்துக்கொண்டு போன அந்த அரைமணி நேரம் எனக்கு எத்தனையோ வருடமாக வேண்டியிருந்தது.

கிறிஸ்துமஸுக்குப் பேசும்போது, "மே மாசம் அக்ரிமெண்ட் முடியுது. இந்தத் தடவை முடிச்சுக்கிட்டு வாரேன்" என்று சொல்லியிருந்தார். இதே வாக்கை முன்னாலும் இரண்டு முறை சொன்னவர்தான். "கட்டாயம் வந்துருங்க" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முதன்முதலில் "போய்ட்டு வாங்க, நான் பாத்துக்கிறேன்" என்று வீராப்பாகச் சொல்லி அனுப்பியதே நான்தான். பிறகு எந்த முகத்தோடு கூப்பிடுவது?

பொங்கல் லீவில் பைக்கின் கீழே தரை ஈரமாக இருந்தது. வராந்தா முழுக்கப் பெட்ரோல் வாடை. மெக்கானிக்கைக் கூப்பிடட்டுமா என்று போனில் அவரிடம் கேட்டேன். ஊரில் பாதி ஆம்பளைகளைப் போல இவருக்கும் மெக்கானிக் என்றாலே சந்தேகம்.

"வேணாம். ஒரிஜினலைக் கழட்டிட்டு டூப்ளிகேட்டை மாட்டி விட்ருவாய்ங்க. வெள்ளிக்கிழமை எனக்கு லீவு. நீ ஸ்கூல் விட்டு வந்ததும் வீடியோல காட்டு, பாத்துருவோம்" என்றார்.

அதுவரை எங்கள் வெள்ளிக்கிழமைப் பேச்சு பத்து நிமிடம். சாப்பிட்டியா, மகள் பேசினாளா, அங்கே வெயிலா, அவ்வளவுதான். அன்றைக்கு ஒரு மணி நேரம் பேசினோம்.

"அடுப்பை அணைச்சிட்டியா?"

"அணைச்சாச்சு."

"எங்கிட்டு இருந்து ஒழுகுது?"

"கீழ இருந்து."

"டீச்சரம்மா, எங்க ஒழுகுனாலும் கீழதான் வரும். மேல எங்க ஆரம்பிக்குதுன்டு பாரு."

பார்ப்பதற்குள் காய்ந்துவிடுகிறதே, அதுதான் தொல்லை. துடைத்துவிட்டு, டேங்குக்குக் கீழே இருக்கும் டேப்பைத் திறப்பேன். ஒரு கோடு ஈரம் தெரியும். போனைக் கிட்டே கொண்டுபோவதற்குள் மாயமாகிவிடும். தண்ணீர் என்றால் அரைமணி நேரம் நிற்கும், பெட்ரோலுக்கு அந்தப் பொறுமை கிடையாது. எரிச்சலில் கைப்பையைத் துழாவியபோது சாக்பீஸ் தட்டுப்பட்டது. இரண்டை நசுக்கித் தூளாக்கி, பழைய பவுடர் பஞ்சால், எஞ்சினுக்குப் பெட்ரோல் அனுப்பும் கார்ப்பரேட்டர் முழுக்க ஒற்றினேன். டேப்பைத் திறந்ததும் வெள்ளையில் கறுப்பாக ஒரு கோடு இறங்கியது. டேங்கிலிருந்து வரும் டியூப்பும் கார்ப்பரேட்டரும் சேரும் இடத்தில்தான் அது ஆரம்பித்தது.

"இருபது வருசமா ஏசி மெக்கானிக்குன்டு சொல்லிக்கிட்டுத் திரியிறேன். எனக்குத் தோணல பாரு" என்றார். அந்தப் பாராட்டை வைத்துக்கொண்டு அந்த வாரம் முழுக்க நிமிர்ந்து நடந்தேன்.

டியூப்பின் நுனி வெடித்திருந்தது. அதை வெட்டிவிட்டுத் திரும்பச் செருகினேன். அடுத்த வெள்ளிக்கிழமை பார்த்தால், கார்ப்பரேட்டரின் கீழ்க் கிண்ணத்தின் விளிம்பில் கசிவு. கிண்ணத்தைச் சுற்றியிருந்த ரப்பர் வளையம் ஊதிப்போயிருந்தது. "இப்ப வர்ற பெட்ரோல்ல என்னத்தையோ கலக்குறாய்ங்க, ரப்பர் தாங்க மாட்டேங்குது" என்று அங்கிருந்தே கோபப்பட்டார். வளையத்தை மாற்றினேன். மூன்றாம் வாரம் விளிம்பு காய்ந்திருந்தது, ஆனால் மிஞ்சிய பெட்ரோலை வெளியே விடும் சின்னக் குழாயிலிருந்து சொட்டியது.

"அப்ப ஊசிதான்" என்றார். மாடித் தண்ணீர்த் தொட்டியில் பந்து மிதந்து குழாயை அடைக்கிறதே, அதே வேலைதான் உள்ளேயும். மிதவை மேலே வந்து ஊசியைத் தள்ள வேண்டும், ஊசி ஓட்டையை அடைக்க வேண்டும். ஊசியின் முனையில் நகத்தை வைத்து இழுத்துப் பார்க்கச் சொன்னார். நகம் தட்டியது. தேய்ந்து ஒரு பள்ளமே விழுந்திருந்தது.

புது ஊசி வாங்க ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனேன். "மெக்கானிக்கை வரச் சொல்லுங்கக்கா, அவருக்குத்தான் தெரியும்" என்றார் கடைக்காரர். "மெக்கானிக் நான்தாண்ணே" என்றேன். அவர் ஊசியை எடுத்து மேசையில் வைத்தார்.

மாட்டும்போது, மிதவையைப் பிடித்திருக்கும் சின்னக் கம்பி கீழே விழுந்து உருண்டுவிட்டது. அரைமணி நேரம் விளக்குமாறும் கையுமாகத் தேடினேன். போன் அது பாட்டுக்குத் தரையில் கிடந்தது. அவர் அவ்வளவு நேரமும் வராந்தாக் கூரையைப் பார்த்துக்கொண்டே, "கிடைச்சுதா?", "சக்கரத்துக்கு அங்கிட்டுப் பாத்தியா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். வீட்டில் இன்னொரு ஆள் இருப்பதுபோல இருந்தது. கம்பி கிடைக்காமலே போகட்டும் என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன்.

கிடைத்துவிட்டது, மாட்டினேன். மறுபடி சாக்பீஸ் தூளைப் பூசி, டேப்பைத் திறந்து வைத்தேன். இருட்டிவிட்டதால் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றார். காலையில் பார்த்தேன், சாக்பீஸ் தூள் பூசியபடி அப்படியே வெள்ளையாக இருந்தது. ஒரு சொட்டுக் கசிவு இல்லை.

சந்தோஷப்பட வேண்டிய விஷயம். எனக்கோ திக்கென்றது. இனி பழைய பத்து நிமிடம்தானே? அடுத்த வெள்ளிக்கிழமை அவர் கேட்டபோது, "இன்னும் லேசா ஒழுகுதுங்க" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. பொய் சொல்லும் பிள்ளைகளை முட்டி போட வைக்கிறவள் நான்.

ஐந்து வாரம் அந்தப் பொய்யில் ஓடியது. மிதவையை லேசாக வளைக்கச் சொன்னார், வளைத்ததாகச் சொன்னேன். ஓட்டையை ஊதச் சொன்னார், ஊதினதாகச் சொன்னேன். அவரும் சலிக்காமல் புதிது புதிதாக ஏதாவது சொல்லிக்கொண்டே இருந்தார். இவ்வளவு பொறுமை இவருக்கு எங்கிருந்து வந்தது என்று நான் யோசித்திருக்க வேண்டும், யோசிக்கவில்லை.

ஐந்தாம் வாரம், "காட்டு பாப்போம்" என்று பிடிவாதமாக நின்றார். சமையலறைக்குள் போய் விரலைத் தண்ணீரில் நனைத்து வந்து, சாக்பீஸ் தூளில் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போனைக் காட்டினேன். கோடு நன்றாகத்தான் தெரிந்தது.

வெகுநேரம் அவர் அந்தக் கோட்டின் மேலேயே கண் வைத்திருந்தார். நெட் போய்விட்டதோ என்று பார்த்தேன். முகம் அசைந்தது.

"இன்னும் காயலையே" என்றார்.

எனக்குச் சட்டென்று புரியவில்லை. பெட்ரோல் என்றால் எப்போதோ காய்ந்திருக்கும் என்று புரிந்ததும் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"எம்புட்டு நாளா ஒழுகல?"

"அஞ்சு வாரமா."

கேலி பண்ணுவார் என்று எதிர்பார்த்தேன். ஆயுசுக்கும் சொல்லிச் சிரிக்க அவருக்கு ஒரு விஷயம் கிடைத்துவிட்டதே. அவர் சிரிக்கவில்லை.

"நானும் உங்கிட்ட ஒன்னு சொல்லல. அக்ரிமெண்ட்ல கையெழுத்துப் போட்டுட்டேன். இன்னும் ரெண்டு வருசம்."

"எப்ப?"

"நீ ஊசி வாங்கப் போனேல்ல, அந்த வாரம். அன்னைக்கே சொல்லணும்டுதான் இருந்தேன். நீ வண்டியைப் பத்தியே பேசிக்கிட்டிருந்த. எனக்கும் அது தோதாப் போச்சு."

நான் அவரைப் பிடித்து வைக்க ஒழுகாத கார்ப்பரேட்டரை ஒழுகவிட்டேன். அவர் என்னிடமிருந்து தப்பிக்க அதையே ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். ஐந்து வாரம் நாங்கள் ஆளுக்கொரு பக்கம் அந்த வண்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தோம். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்தக் கோபத்தில்தான், எத்தனையோ வருடமாகச் சொல்லாததும் வெளியே வந்தது.

"எனக்கு நீங்க வேணும். நான் பாத்துக்கிறேன்டு சொன்னதெல்லாம் சும்மா. என்னால முடியல."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் போனை வைத்துவிட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை எடுக்கக் கூடாது என்று இருந்தேன். ஐந்து மணிக்கு மணியடித்தது. மூன்றாவது மணியில் எடுத்துவிட்டேன்.

"வண்டியை ஸ்டார்ட் பண்ணியா?"

"பண்ணல. வந்து நீங்க பண்ணுங்க."

"கையெழுத்தை மாத்த முடியுமான்டு கேட்டேன். முடியாதாம்."

"ம்."

"லீவு தருவாய்ங்களாம். ஒரு மாசம்."

"ம்."

அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் பேச ஒன்றும் இல்லை. வராந்தாப் படியில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு, பரீட்சைத் தாள்களைத் திருத்தினேன். அவர் கட்டிலில் உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்தார். காளவாசல் சிக்னலில் பஸ்காரர் ஒருவர் விடாமல் ஹாரன் அடித்தபோது மட்டும் தலையைத் தூக்கிப் பார்த்தார். ஒரு மணி நேரம் போனது. வைக்கட்டுமா என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.