ஐந்தாவது ராணி

பராமரிப்பு வேலை பழக வரும் பெண்களுக்குப் படம் கீறச் சொல்லிக்கொடுப்பதுதான் என் தொழில். இடம் கொழும்பு வெள்ளவத்தை, லிஃப்ட் வேலை செய்யாத கட்டடத்தின் மூன்றாம் மாடி. நோயாளியைக் குளிப்பாட்டப் படம் எதற்கு என்று கேட்காதீர்கள். எங்கள் நிலையப் பொறுப்பாளரே மாதம் ஒருமுறை கேட்கிறார். வகுப்பெடுத்துத் தொண்டை வறண்டவர்களுக்கு இந்தக் களைப்பு விளங்கும்.

இடது கை

பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்தவர்கள் படும் பாடு தெரியட்டும் என்று, எல்லோருடைய வலது கையையும் துணியால் கட்டிவிட்டு, இடது கையால் ஒரு தேநீர்க் கோப்பை கீறச் சொன்னேன். முதலில் சிரிப்பு, பத்து நிமிடத்தில் எரிச்சல். தவமணி மட்டும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள். ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை, கொட்டாஞ்சேனையில் வாடகை அறை. காலையில் ஒரு ஃப்ளாட்டில் பாரிசவாதம் வந்த அம்மாவைப் பார்த்துவிட்டு வகுப்புக்கு வருவாள். ஏன் நிறுத்தினாய் என்றேன்.

"இன்னைக்கு அந்தம்மா டீயக் கொட்டிட்டாங்க மிஸ். நான் ஏசிட்டேன்."

கையொப்பம்

அடுத்த கிழமை அவரவர் முகத்தைக் கீறிப் பெயரெழுதச் சொன்னேன். தவமணி கீழே 'ராணி' என்று எழுதியிருந்தாள். அந்த ஃப்ளாட்டில் முதலில் வேலைக்கு வந்தவள் ராணியாம். பிறகு வந்த நால்வரும் அவர்களுக்கு ராணிதான், இவள் கடைசி. புதுப் பெயர் பழக வீட்டாருக்கு நேரமில்லை. உன் பெயரைச் சொல்ல வாயில்லையா என்று அவளிடமே எரிந்து விழுந்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

"மூணு தடவ சொன்னேன் மிஸ். இப்ப ராணின்னு கூப்பிட்டா தன்னால திரும்பிப் பார்க்கிறேன். அதுதான் பயமா இருக்கு."

வீட்டுப்பாடம்

தாங்கள் பராமரிக்கும் நோயாளியோடு சேர்ந்து ஒரு படம் கீறி வரச் சொன்னேன். தவமணி அந்த அம்மாவின் இடது கையில் பென்சிலைக் கொடுத்து, தன்னைக் கீறச் சொல்லி முன்னால் உட்கார்ந்தாள். மூன்று நாள் பிடித்ததாம். தாள் முழுக்க நடுங்கிய கோடுகள். ஒரு கண் காதுக்குப் பக்கத்தில். கடைசியில் அம்மா குழறிக் குழறிக் கேட்டதை எங்களுக்குச் சொல்லும்போது தவமணி அழுதாள். நானும்தான்.

"உன்ர பேரென்ன பிள்ளை? கீழ எழுதவேணும்."

புதுப் பிள்ளை

தவமணி இப்போது ஒரு முதியோர் இல்லத்தில், சட்டையில் பெயர் அட்டையோடு வேலை செய்கிறாள். அந்த ஃப்ளாட்டுக்கு எங்களிடம் பழகிய கொடிகாமத்துச் சுமதியை அனுப்பினோம். அம்மா கீறிப் பெயரெழுதிய தவமணியின் படத்தை விறாந்தைச் சுவரில் கொழுவியிருக்கிறார்களாம். வீட்டார் எப்படி என்று சுமதியிடம் விசாரித்தேன்.

"நல்ல சனம் மிஸ். என்னைத் தவமணி எண்டுதான் கூப்பிடினம்."

ஆக, இத்தனை வருடம் கலை கற்பித்து நான் மாற்றியது, ஒரு வீட்டில் ஒரு பெயரை.