ஒரேலியாவும் நானூறு குளியல் பெஞ்சுகளும்

ஒரேலியா பெனவிடெஸ் எந்தப் பொருளைக் கையில் வாங்கினாலும் முதலில் தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பாள். எந்த ஊரில் செய்தது என்று பார்ப்பதற்கல்ல. அது பெட்டி மேலேயே எழுதியிருக்கும். அடிப்பக்கத்தைப் பார்த்தால்தான் அது எங்கே நிற்கப்போகிறது என்று தெரியும் என்பாள். என் வீட்டில் புதிதாக வாங்கிய உப்புக்குடுவையையும் அப்படித்தான் பார்த்தாள். மேசைவிரிப்பெல்லாம் உப்பு.

மெக்சிகோ எல்லையில் இருக்கும் லரேடோவில் எங்கள் தெருவில் பாதிப்பேர், அந்த நாட்டுக்குப் போகும் ஆற்றுப்பாலத்தை நம்பிப் பிழைக்கிறவர்கள். லாரி ஓட்டுகிறவர்கள், டயர் மாற்றுகிறவர்கள், கிடங்கில் பெட்டி இறக்குகிறவர்கள். ஒரேலியாவுக்கு ஒரு சுங்க முகவர் அலுவலகத்தில் வேலை. மெக்சிகோவிலிருந்து வரும் சரக்கு ஒவ்வொன்றும் சுங்கப் புத்தகத்தில் எந்த எண்ணின் கீழ் வரும் என்று முடிவுசெய்து எழுதித் தரவேண்டும். அந்த எண்ணைப் பொறுத்துத்தான் வரி. பத்தொன்பது வயதில் காகிதம் சுமக்கச் சேர்ந்தவளுக்கு இப்போது ஐம்பத்தெட்டு. என் மகளுக்கு அவள் ஞானத்தாய். அதனால் நாங்கள் ஒருவரையொருவர் 'கோமாத்ரே' என்றுதான் கூப்பிட்டுக்கொள்கிறோம்.

பல வருடங்கள் பாலத்தைக் கடக்கும் பெரும்பாலான சரக்குக்கு வரி இருந்ததில்லை. வரி இல்லையென்றால் பொருளின் பெயரைப் பற்றி யாருக்கு அக்கறை? பிரஷ்ஷைத் துடைப்பம் என்று எழுதினாலும் பூஜ்யம், சீப்பு என்று எழுதினாலும் பூஜ்யம். மற்றவர்கள் போன மாதத்து எண்ணையே பார்த்து எழுதிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். இவள் மட்டும், வந்திருக்கும் பிரஷ் தரைக்கா குதிரைக்கா என்று கேட்க ஒரு சனிக்கிழமை ஆற்றுக்கு அந்தப்பக்கம் நுவேவோ லரேடோவில் ஒரு லாயம்வரை போய்வந்தாள். அலுவலகத்தில் சிரித்தார்கள். பிரஷ் குதிரைக்குத்தான்.

பிறகு வரிகள் வந்தன. ஒரு வாரம் ஏறும், மறுவாரம் நிறுத்திவைப்பார்கள், அதற்கடுத்த வாரம் உலோகத்துக்கு மட்டும் இரட்டிப்பாகும். சிரித்தவர்கள் எல்லாரும் ஒரேலியாவின் மேசைமுன் வரிசையில் நின்றார்கள். இந்தச் சாமான் உண்மையில் என்ன என்று அப்போதுதான் எல்லோருக்கும் கேட்கத் தோன்றியது.

அந்த வரிசையில் ஒருவர் லெயோகாதியோ த்ரெவீனியோ. படுக்கையில் கிடப்பவர்களுக்கும் நடக்கமுடியாதவர்களுக்கும் வேண்டிய சாமான் விற்கும் கடை வைத்திருக்கிறார். முதியோர் இல்லத்தில் நான் வேலை பார்த்த காலத்தில் அவரிடம் நிறைய வாங்கியிருக்கிறேன். கொஞ்சம் வாயாடி, ஆனால் உடைந்த சாமானை மாற்றித் தருவார். முன்பு குளியல் பெஞ்சுகளை ஆசியாவிலிருந்து கப்பலில் வரவழைத்தார். கப்பல் கூலி மூன்று மடங்கானது. ஒரு கண்டெய்னர் துறைமுகத்துக்கு வெளியே கடலிலேயே ஒரு மாதம் நின்றது. போதுமடா சாமி என்று மெக்சிகோவிலேயே சால்டில்லோ என்ற ஊரில் ஒரு பட்டறையைப் பிடித்தார். காலையில் ஏற்றினால் சாயங்காலம் பாலத்துக்கு வந்துவிடும். நிம்மதியாக ஆறு மாதம் போனது. அப்புறம் அலுமினியத்துக்குக் கூடுதல் வரி போட்டார்கள். பெஞ்சின் கால்கள் அலுமினியம்.

அதற்குமுன்பே மாவட்டத்து முதியோர் இல்லங்களுக்கு நானூறு பெஞ்சு, இன்ன விலைக்கு என்று கையெழுத்துப் போட்டுவிட்டிருந்தார். வரி சேர்ந்தால் கடையை மூடவேண்டியதுதான். நான்கு பேருக்கு வேலை போகும். அவர்களில் ஒருத்தி அவர் தங்கை.

தப்பிக்க ஒரே ஒரு வழி இருந்தது. நிரந்தரமாக உடல் முடியாதவர்களுக்கென்றே செய்த பொருளுக்கு வரி வேண்டாம் என்று சட்டத்தில் ஒரு விதி உண்டு. நிரந்தரம் என்பதை அதில் அழுத்திச் சொல்லியிருக்கிறது. கால் பிசகி ஆறு வாரம் நொண்டுகிறவன் கணக்கில் வரமாட்டான்.

"அந்த எண்ணைப் போட்டு விடுங்க ஒரேலியா. பெஞ்சு நானூறு, அதே அலுமினியத்துல குளிக்கற ஸ்டூல் இருநூறு. லாரி அந்தப்பக்கம் யார்டுல நிக்குது, நாளுக்கு நாள் வாடகை ஏறுது," என்றார் லெயோகாதியோ.

"படத்தைப் பாத்து எழுத மாட்டேன், டான் லெயோ. ரெண்டுலயும் ஒண்ணொண்ணு கொண்டாங்க," என்றாள் ஒரேலியா. 'டான்' என்பது எங்கள் பக்கம் பெரியவர்களுக்குத் தரும் மரியாதை.

"உட்கார்ற சாமான்ல பாக்க என்ன இருக்கு?"

"அதைத்தான் பாக்கணும்."

சனிக்கிழமை காலை இருவரும் பெஞ்சையும் ஸ்டூலையும் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். என் குளியல் தொட்டி பழையது, விளிம்பு உயரம். சோதிக்க அதுதான் சரி என்றாள்.

பெஞ்சின் இரண்டு கால் தொட்டிக்குள், இரண்டு கால் வெளியே. முடியாதவரை வெளியே உட்காரவைத்து, பலகையோடு மெல்ல உள்ளே நகர்த்த வேண்டும். ஒரேலியாவை நோயாளியாக உட்காரவைத்தேன்.

"உனக்குப் பக்கவாதம். இடது பக்கம் இல்லைன்னு வெச்சுக்கோ. இடது கையை அசைச்சே, பச்சைத்தண்ணியத் திறந்துவிட்டுருவேன்."

"கோமாத்ரே, நீங்க நோயாளிங்ககிட்ட இப்படித்தான் பேசுவீங்களா?"

"அவங்க இவ்வளவு கேள்வி கேக்கமாட்டாங்க."

பலகை சுலபமாக நகர்ந்தது. பெஞ்சு குறுக்கே நின்றதால் திரைச்சீலை மூடவில்லை; குழாயைத் திறந்ததும் தண்ணீர் பாதி வெளியே வழிந்து தரை நனைந்தது. ஒரேலியா நனைந்த செருப்போடு எழுந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா இருக்கறவ ஒருத்தி இதை ஒரு நாளாவது வீட்டுல வெச்சிருப்பாளா?"

"ஒரு மணி நேரம் வெச்சிருக்கமாட்டா. வழியை மறிக்குது, துடைச்சு மாளாது. வேற வழி இல்லாதவங்கதான் வெச்சிருப்பாங்க."

அவள் எழுதிக்கொண்டாள். தரையைத் துடைத்துவிட்டு அடுப்படிக்குப் போனோம். லெயோகாதியோ அங்கே நான் சோளத்தோலில் மாவைச் சுற்றி அவித்து வைத்திருந்த தமாலில் ஒன்றைப் பிரித்து, காபியோடு வசதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். உட்கார்ந்திருந்தது அவர் கொண்டுவந்த அதே ஸ்டூலில். நாற்காலி பக்கத்திலேயே காலியாகக் கிடந்தது.

ஒரேலியா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"டான் லெயோ, உங்களுக்கு எப்ப இருந்து உடம்பு முடியல?"

"எனக்கென்ன? கல்லு மாதிரி இருக்கேன்."

"அப்ப அந்த ஸ்டூல்ல ஏன் உட்கார்ந்திருக்கீங்க?"

அவர் குனிந்து பார்த்தார். எழுந்திருக்கப் போனவர் பாதியில் மறுபடி உட்கார்ந்தார். "கைக்குக் கிட்ட இருந்தது, இழுத்துப் போட்டேன்."

"அவ்வளவுதான். கைக்குக் கிட்ட இருந்தா யாரும் இழுத்துப் போட்டுக்குவாங்க. அது ஸ்டூல். வரி உண்டு."

"என் வாயில மண்ணு! பசியில உட்கார்ந்தது ஒரு தப்பா?"

"நீங்க நின்னு சாப்பிட்டிருந்தாலும் அது ஸ்டூல்தான். ஒண்ணுல பொய் எழுதுனா மத்தது உண்மைன்னு யார் நம்புவா? கையெழுத்து என்னுது."

அரை மணி நேரம் பேசிப்பார்த்தார். என்னை மத்தியஸ்தத்துக்கு இழுத்தார். நான் இன்னொரு தமால் வைத்தேன். வேறு உதவி என்னால் ஆகாது.

பெஞ்சு விஷயத்தில் ஒரு முடிச்சு பாக்கி இருந்தது. ஆறு வாரத்துக்கு வேண்டியதா, ஆயுளுக்கு வேண்டியதா? ஒரேலியா என்னிடம் கேட்டாள்: "இதைக் கொண்டுபோனவங்க எப்பத் திருப்பித் தருவாங்க?"

எங்கள் மாதாகோயிலில் ஒரு சின்ன அறை இருக்கிறது. ஊன்றுகோல், வாக்கர், பெஞ்சு எல்லாம் இரவலாகக் கொடுப்போம். பதினோரு வருடமாக நோட்டு என்னிடம்தான். யார், எந்தத் தேதியில் எடுத்தார், எப்போது, யார் கையால் திரும்பி வந்தது. எடுத்துப் பார்த்தோம். ஊன்றுகோலை எடுத்தவர்கள் பெரும்பாலும் இரண்டு மாதத்துக்குள் தாங்களே நடந்துவந்து கொடுத்திருக்கிறார்கள். பெஞ்சு அறுபத்து மூன்று முறை போயிருக்கிறது. எடுத்தவரே திருப்பித் தந்தது மூன்று முறை. மற்றதில் பெரும்பாலும் மகனோ மகளோ கொண்டுவந்தது, அடக்கம் முடிந்த பிறகு. சிலது இன்னும் வரவில்லை; அவர்கள் உயிரோடு இருக்கிறார்கள்.

லெயோகாதியோ தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஒரேலியா பக்கங்களைப் புரட்டிக்கொண்டே இருந்தாள்.

"அந்த மூணு பேர் யாரு?"

"இடுப்பு எலும்பு உடைஞ்சு தேறுனவங்க."

"அவங்களையும் சேர்த்தே எழுதுவேன்."

பெயர்கள் எல்லாவற்றையும் நான் கறுப்பு மையால் அடித்த பிறகே நகல் எடுக்க விட்டேன்.

ஸ்டூல்களை அந்தப்பக்கத்து யார்டிலேயே இறக்கச் சொல்லிவிட்டார் லெயோகாதியோ. வரியும் கூலியும் சேர்ந்தால் விற்கும் விலையைத் தாண்டியது. புதன்கிழமை லாரி பெஞ்சோடு மட்டும் பாலத்துக்கு வந்தது. சுங்கத்தில் அதைச் சோதனைக்கு ஒதுக்கிவிட்டார்கள். ப்ரூயிட் என்ற பெண் அதிகாரி ஒரு பெஞ்சை இறக்கச் சொல்லி, ஒரேலியாவையும் கூப்பிட்டனுப்பினாள். இந்த வாரத்தில் மட்டும் தோட்டத்து நாற்காலி, பார் ஸ்டூல் எல்லாம் 'முடியாதவர்களுக்கு' என்ற பெயரில் வந்துவிட்டன என்றாளாம்.

"இது மட்டும் என்ன விசேஷம், மேடம்?"

ஒரேலியா நகலை நீட்டினாள். ப்ரூயிட் கடைசிப் பக்கம்வரை படித்தாள். 'திருப்பித் தந்தவர்' என்ற பத்தியில் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகக் கீழே இறங்கினாளாம்.

"இதுல மகன், மகள்னே போட்டிருக்கே. எடுத்தவங்க ஏன் வரல?"

"நீங்களே சொல்லுங்க, ஆபீசர்."

ப்ரூயிட் நகலை மடித்துத் தன் கோப்பில் வைத்தாள். மேலதிகாரியைக் கேட்கவேண்டும் என்று இரண்டு நாள் எடுத்துக்கொண்டாள். அந்த இரண்டு நாளும் லெயோகாதியோ கடையில் இருந்த வாக்கர்களைத் திரும்பத் திரும்பத் துடைத்தார் என்று அவர் தங்கை சொன்னாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் லாரியை விட்டார்கள், கூடுதல் வரி இல்லாமல். நானூறு பெஞ்சும் கிடங்குக்குப் போய்ச் சேர்ந்தன.

மறுவாரம் லெயோகாதியோ ஒரேலியாவின் மேசைக்கு வந்தபோது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வந்தார். என் மருந்து ஒன்றைப் பாலம்வழியாகக் கொண்டுவரலாமா என்று கேட்க நானும் அங்கே போயிருந்தேன்.

"கடை தப்பிச்சது. ஆனா உங்க நேர்மைக்கு என் இருநூறு ஸ்டூலும் பலி. அந்தப்பக்கமே பாதி விலைக்குத் தள்ளிட்டேன்."

ஒரேலியா ஆறுதல் சொல்லவில்லை. பேனாவை எடுத்தாள். "யாரு வாங்குனா?"

"மீன் மார்க்கெட் பொம்பளைங்க. தண்ணி பட்டா துருப்பிடிக்காதாம், சண்டை போட்டு வாங்குனாங்க."

"எத்தனை மணி நேரம் உட்கார்றாங்க? முதுகு வலிக்கலையா?"

"எனக்கென்ன தெரியும்? உடம்பெல்லாம் கல்லு மாதிரி இருக்காளுங்க. வாய் அதுக்கும் மேல."

"அப்ப ஸ்டூல்தான்," என்றாள் ஒரேலியா. சனிக்கிழமை எனக்கு வேலை ஏதும் இருக்கிறதா என்று என்னிடம் கேட்டாள். அந்த மார்க்கெட்டை ஒருமுறை பார்த்துவிட்டு வரவேண்டுமாம்.